பள்ளிக்கூடக் கழிப்பறை: அடிக்கல் போடும் முன் நாம் கேட்க வேண்டியது

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எதுவும் நாங்கள் பேசப் போவதில்லை. போன மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு அக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். எல்லோரும் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. "எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா கக்கூஸ் கட்டப் போறாங்களாம். பழசு மாதிரியே கட்டிட்டுப் போயிடுவாங்க, ரெண்டு வருஷத்துல பூட்டிடுவாங்க. நாம போய் என்ன சொல்லணும்னு தெரியல" என்று கேட்டார்கள். தீர்மான நோட்டிலும் அது எழுதியிருக்கிறது. அந்த ஊரில் அடுத்த மாதம் வேலை தொடங்கப் போகிறது. அதனால் இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்று கேட்கிறோம். காலையில் உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும்போது பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். சாயங்காலம் அந்தப் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நிறைய வீடுகளில் முக்கால்வாசி அப்படியே வரும். "தண்ணியே குடிக்க மாட்டேங்குறா" என்று நாம் பிள்ளையைத் திட்டுவோம். பிள்ளைக்குத் தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை. அதுதான் காரணம். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றும், அடிவயிறு வலிக்கும். அடிக்கடி வந்தால் சிறுநீரகம் வரைக்கும் போகும். கேரளாவில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குடித்த தண்ணீர் போக ஒரு சுத்தமான இடம் இல்லாவிட்டால் எத்தனை மணி அடித்தும் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்.

இதில் எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே பேசுவது சரியில்லை. நாங்கள் சமூகப் பணி படித்து முடித்து வேலைக்கு வந்த புதிதில், நன்கொடைப் பணத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். பளபளவென்று வெள்ளை டைல்ஸ், நீலக் கதவு. திறப்பு விழாவுக்கு மேளம் வைத்தோம். ஆறு மாதம் கழித்து எதேச்சையாக அந்தப் பக்கம் போனபோது பூட்டுத் தொங்கியது. தலைமை ஆசிரியரைக் கேட்டால் "தண்ணி ஏறலீங்க" என்றார். மோட்டாருக்கு யார் கரண்ட் பில் கட்டுவது என்று யாரும் பேசி வைக்கவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். "கதவைத் திறந்தா நேரா பசங்க விளையாடுற கிரவுண்டு தெரியுதுக்கா. உள்ளே போறப்பவும் வர்றப்பவும் பாக்குறாங்க. தண்ணி வந்தாக்கூட நாங்க யாரும் போக மாட்டோம்."

கட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதவை மறுபக்கம் வைத்திருப்போம். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட ஆகியிருக்காது. பொறியாளரைக் கேட்டோம், காண்டிராக்டரைக் கேட்டோம், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டோம். உபயோகிக்கப் போகிற பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. அந்த வருஷம் எட்டாவது முடித்த பெண்களில் சிலர் ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் போகவில்லை, வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் கழிப்பறைதான் காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று அந்த அம்மாக்களே சொன்னார்கள்.

அதனால் உங்கள் ஊரில் முதல் வேலை, பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துப் பேசுவது. வாத்தியார் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் இருங்கள், இல்லாவிட்டால் டீச்சர் யாராவது இருக்கட்டும். எங்கே கட்டினால் போவீர்கள், எங்கே கட்டினால் போக மாட்டீர்கள், இப்போது இருப்பதில் எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். புதரை ஒட்டிக் கடைசி மூலையில் கட்டினால் பாம்புக்குப் பயந்து போக மாட்டார்கள். வகுப்புக்கு எதிரே கட்டினால் வெட்கத்தில் போக மாட்டார்கள். போகிற வழி டீச்சர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாசல் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. வாசலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் வைத்தால் இரண்டும் கிடைக்கும். பையன்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் தனித்தனி வழி வேண்டும். ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால், சுவர் கூரை வரைக்கும் போக வேண்டும்.

அடுத்தது எத்தனை வேண்டும் என்ற கணக்கு. குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய விஷயம் இல்லை. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்ப் பிறையும் என்பது மத்திய அரசின் தூய்மைப் பள்ளி கையேட்டில் சொல்லியிருக்கிற அளவு. உங்கள் பள்ளியில் 120 பெண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கழிப்பறை கட்டிவிட்டு "அளவுப்படி கட்டிட்டோம்" என்பார்கள். இடைவேளை பத்து நிமிஷம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் என்றால் ஒரு கழிப்பறையில் ஐந்து பேர் போகலாம். மூன்றிலும் சேர்த்துப் பதினைந்து பேர். மிச்சம் 105 பேர் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றுவிட்டு மணி அடித்ததும் ஓடுவார்கள்.

இதனால்தான் பெண்களுக்கும் சிறுநீர்ப் பிறை வேண்டும் என்கிறோம். நிறைய இடத்தில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கட்டுகிறார்கள். பெண்களுக்கு இடையில் தடுப்புச் சுவர், கால் வைக்க இரண்டு மேடை, பின்னால் சாய்வாக ஒரு வாய்க்கால், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். ஒரு கழிப்பறை கட்டுகிற இடத்தில் இரண்டு பிறை வரும், தண்ணீரும் குறைவாகப் போகும். 120 பேருக்கு ஒன்பது பிறை இருந்து, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் பத்து நிமிஷத்தில் 90 பேர் போய் வந்துவிடலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். காண்டிராக்டர் வாயால் பதில் சொல்ல முடியாது. சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் வேறு வேறு நேரத்தில் இடைவேளை விடச் சொல்லியும் தலைமை ஆசிரியரைக் கேட்கலாம். அதற்குச் செலவே இல்லை.

உள்ளே எப்படி இருக்க வேண்டும்? வெளிச்சமும் காற்றும் இருந்தால் பாதி நாற்றம் போய்விடும். கூரையை ஒட்டிச் சிமெண்ட் ஜாலி வைக்கச் சொல்லுங்கள். பகலில் லைட் போடாமல் மூலை முடுக்கெல்லாம் தெரிய வேண்டும், இருட்டாக இருந்தால் சின்னப் பிள்ளை உள்ளே போகாது, வாசலிலேயே இருந்துவிடும். தரையில் வழுக்குகிற டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான டைல்ஸ் போடட்டும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பில் பாஸ் ஆவதற்கு முன் நீங்களே ஊற்றிப் பாருங்கள். மரக் கதவு அடியில் ஊறிப் போகும், தகரக் கதவு துருப்பிடிக்கும், அதனால் பி.வி.சி. கதவு நல்லது. தாழ்ப்பாள் உள்பக்கம், ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில். துணி மாட்ட ஒரு கொக்கி. இது நாலு ரூபாய்ச் சாமான், இதை வைக்க மறந்துவிடுகிறார்கள். பாவாடையையும் தாவணியையும் ஈரத் தரையில் படாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் என்ன செய்ய முடியும் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

நடக்க முடியாத பிள்ளைக்கு ஒரு கழிப்பறையாவது சாய்தளத்தோடு வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம். நிறைய இடத்தில் மூன்றடியில் செங்குத்தாகக் கட்டி, கணக்குக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்னால் சாயும்.

இனி தண்ணீரும் குழியும். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பீங்கான் இரண்டு வகையில் கிடைக்கிறது. வீட்டில் டவுனில் வைக்கிற சாதாரணப் பீங்கானுக்கு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிராமத்துக்கென்று சரிவு அதிகமாகச் செய்த பீங்கான் இருக்கிறது. அதற்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். கடையில் "ரூரல் பேன்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பிள்ளைகள் அரை மக்குத்தான் ஊற்றிவிட்டு ஓடி வரும், அதனால் பள்ளிக்கூடத்துக்கு இதுதான் சரி.

குழிக்கு, மண் நல்லதாக இருந்து நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால் இரட்டை உறிஞ்சுகுழிதான் எங்கள் சிபாரிசு. சுற்றுச் சுவரில் தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் சிமெண்ட் பூசக் கூடாது. சில மேஸ்திரிகள் "உறுதியா இருக்கட்டும்மா" என்று அடியையும் சுவரையும் பூசிவிடுவார்கள். பூசினால் தண்ணீர் எங்கே இறங்கும்? மூன்று மாதத்தில் நிரம்பிவிடும். இரண்டு குழியும் பக்கத்தில் பக்கத்தில், குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியில். நடுவில் தொட்டியிலிருந்து ஒய் எழுத்து மாதிரி இரண்டு பாதை. ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறந்து வைக்கிறோம். முதல் குழி நிரம்பினால் பாதையை மாற்றிவிட வேண்டும். ஒன்றரை வருஷத்திலிருந்து இரண்டு வருஷம் மூடிக் கிடந்தால் உள்ளே இருப்பது வாசனையில்லாத கருப்பு மண்ணாகிவிடும். அதை வாரி வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். குழியின் அளவை எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் பொறியாளர் கணக்குப் போட வேண்டும், வீட்டுக்குக் கட்டுகிற அளவைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினால் தாங்காது. குடிதண்ணீர் போர், கைப்பம்பு எதுவாக இருந்தாலும் குழியிலிருந்து பத்து மீட்டராவது, அதாவது முப்பத்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.

பாறை நிலமும், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருகிற நிலமும் இதற்கு ஆகாது. அங்கே கழிவுநீர்த் தொட்டிதான் கட்டுவார்கள். அது தப்பில்லை. ஆனால் தொட்டியிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், தெருச் சாக்கடைக்கு விடக் கூடாது. லாரி வந்து உறிஞ்சி எடுக்க வழி இருக்க வேண்டும். யாரையும் உள்ளே இறக்கக் கூடாது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் தனியாகப் பிரித்து, சாம்பல் தூவி உரமாக்குகிற சூழல் கழிப்பறையைப் பல வருஷமாகச் செய்து காட்டியிருக்கிறது. நிலத்தடி நீர் மேலே இருக்கிற ஊர்களுக்கு அது ஒரு நல்ல வழி. சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்க ஒரு ஆசிரியர் விடாமல் நின்றால்தான் பள்ளியில் அது நடக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூடி. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கை நடுங்குகிறது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை, துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் மாதிரி பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான். அதனால் தொட்டி மூடி கனமான கான்கிரீட்டில், பிள்ளைகள் நகர்த்த முடியாதபடி இருக்கட்டும். முடிந்தால் சுற்றி வேலி போடுங்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் பக்கத்திலேயே புதுசைக் கட்டிவிட்டுப் போனால் சும்மா விடாதீர்கள். இடித்து அப்புறப்படுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

இப்போது நாம் கூச்சப்படுகிற விஷயம். தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கிய புது யுகம் திட்டத்தில் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுத்தார்கள். நம்மைப் போன்ற குழுக்களே பல இடங்களில் தயாரித்துக் கொடுத்தன. கோயம்புத்தூர் முருகானந்தம் செய்த மலிவு விலை இயந்திரத்தை வாங்கிப் போட்ட குழுக்களும் உண்டு. நாப்கின் கைக்கு வந்தது நல்லதுதான். உபயோகித்ததை எங்கே போடுவது? பீங்கானுக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்த அடைப்புகளில் பாதிக்கு இதுதான் காரணம். அதற்குப் பிள்ளைகளைத் திட்டக் கூடாது, மூடி போட்ட ஒரு கூடை உள்ளே வைத்திருந்தால் அவள் ஏன் அங்கே போடப் போகிறாள்? ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் ஒரு மூடிக் கூடையும், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் வேண்டும். சில பள்ளிகளில் சுவரோடு சேர்த்துச் செங்கல்லில் எரிப்பான் கட்டியிருக்கிறார்கள், உள்ளேயிருந்தே ஓட்டை வழியாகப் போடலாம். வசதிதான். ஆனால் இன்றைக்குக் கடையில் வருகிற நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, 800 டிகிரிக்கு மேல் சூடு இல்லாமல் எரித்தால் கெட்ட புகை வரும். அதனால் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் எரிப்பான் வேண்டவே வேண்டாம். கூடையைத் தினமும் காலி செய்து ஊராட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கட்டிக் கொடுப்பதுதான் இப்போதைக்கு நல்ல வழி.

கை கழுவுகிற இடத்தைக் கழிப்பறைக்கு வெளியே, சாப்பிடப் போகிற வழியில் வைக்கச் சொல்லுங்கள். குழாய்கள் இரண்டு உயரத்தில் இருக்கட்டும். சோப்பு திருடு போகிறது என்பார்கள். பழைய கொசுவலைத் துணியில் பை தைத்து, உள்ளே சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள், போகாது. கழுவின தண்ணீரை நாலு வாழைக்கு விடுங்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளிகளில் உப்புமாவும் பொங்கலும் சமைப்பது நம் குழு அக்காக்கள்தான். அவர்கள் எங்கே கை கழுவுகிறார்கள்? அவசரத்துக்கு எங்கே போகிறார்கள்? அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சுத்தம் செய்வது யார்? இதில் நாங்கள் கொஞ்சம் கோபமாகவே பேசுவோம், மன்னிக்க வேண்டும். பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொல்லக் கூடாது. சொல்கிற இடங்களில் எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நமக்கு எல்லோருக்கும் தெரியும். வெளியே பேச மாட்டோம். அந்தப் பிள்ளை அந்த வெட்கத்தை வயசான பிறகும் சுமக்கும். ஊரில் யாருடைய மகளாக இருந்தாலும் அது நம் குழுவின் பிரச்சினைதான். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதலாம். தேய்த்துக் கழுவுகிற வேலை கையுறை, பிரஷ், ஒழுங்கான சம்பளத்தோடு பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து, மாதம் எந்தத் தேதியில் வரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கரண்ட் பில்லும் அப்படித்தான். ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். பீங்கான் அரிக்கும், குழிக்குள் மலத்தை மக்க வைக்கிற நல்ல கிருமியும் செத்துப்போகும். சோப்புத் தூளும் பிரஷும் போதும். பினாயில், சோப்பு ஆயில் தயாரிக்கப் பயிற்சி எடுத்த குழுக்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கின்றன, பள்ளிக்கு அவர்களிடமே வாங்கலாம்.

"நாம போய்க் கேட்டா யாரு மதிப்பாங்க" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கட்டித் தரச் சொல்லி உத்தரவு போட்டது. அதே கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது நீங்கள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால் அனுப்பப்படாதீர்கள், உட்காருங்கள். பள்ளியில் நடக்காவிட்டால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்தத் தேதி பக்கத்தில் வருகிறதோ அதில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்காவின் ஊருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேர் வருகிறோம். பக்கத்து ஊராட்சிக் குழுக்களிலிருந்தும் வரலாம், அளவு டேப் ஒன்று இருந்தால் கொண்டு வாருங்கள். முதலில் பெண் பிள்ளைகளோடு மரத்தடியில் பேசுவோம். பிறகு போரிலிருந்து குழிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே நின்று காட்டச் சொல்வோம். மற்ற ஊர்ப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, அதில் பூட்டாமல் இருப்பது எத்தனை என்று மூன்று எண்ணை மட்டும் எழுதி எடுத்து வாருங்கள். கொத்தனார் வேலை பார்க்கிற நம் உறுப்பினர் ஒருவர் இரட்டைக் குழி மாதிரி செய்து கொண்டு வந்திருக்கிறார்கள், வெளித் திண்ணையில் வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டு எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.